காங்கோ சண்டையைத் தேடிப் பெங்களூருக்கு

காங்கோவில் நடந்த ஒரு சண்டையை விசாரிக்க நான் பெங்களூருக்குப் போனேன் என்று சொன்னால் எங்கள் டார் எஸ் சலாம் தமிழர்கள் இன்றும் சிரிப்பார்கள். மேற்கே போய் ஒரு ஏரியைக் கடந்தால் காங்கோ. அதை விட்டுவிட்டுக் கிழக்கே கடலைத் தாண்டுவானேன்? நான் தேடிப் போன இரண்டு பேர் பெங்களூரில் இருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

காங்கோவுக்குப் போன இந்திய அமைதிப் படைகள் ஊர் திரும்பிய ஆண்டு அது. எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கிராம்பு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். பேராசிரியர் லிண்ட் என்ற ஸ்வீடன்காரர், காங்கோவிலிருந்து வந்த ஜோசப், நான், ஒரு வானொலிப் பெட்டி. ஒரு சுவர் முழுக்க ஆப்பிரிக்க வரைபடம். கண்டத்தில் எங்கே துப்பாக்கி வெடித்தாலும், எங்கே கும்பல் கிளம்பினாலும், பத்திரிகைகளிலும் வானொலியிலும் அதைப் பிடித்து வரைபடத்தில் குண்டூசி குத்துவது எங்கள் வேலை. படையும் படையும் மோதினால் சிவப்பு. கலகமென்றால் மஞ்சள். ஆயுதமில்லாதவர்கள் செத்த இடத்துக்குக் கறுப்பு.

“அம்மை எப்படி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறதோ, அப்படித்தான் இதுவும். வழியைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வீட்டை எச்சரித்துவிடலாம்” என்பார் பேராசிரியர். நான் அந்த வேலையில் பைத்தியமாக இருந்தேன். ஊசிகள் கூடிக்கூடி ஒரு கோடாக மாறும்போது வீட்டுக்குப் போகவே மறந்துவிடுவேன்.

அப்படி மாறிய ஒரு கோடுதான் வினையாக வந்தது. காங்கோவின் கிழக்கே மூன்று கறுப்பு ஊசிகள் ஏரியைப் பார்த்து வரிசையாக நின்றன. முகோம்பே, சாந்த் மரி, நாற்பதாம் மைல். வரைபடத்தில் இல்லாத பெயர்கள் என்பதால் செய்திகளை வைத்து உத்தேசமாகக் குத்தியவை. மூன்று ஊர்கள் எரிந்ததாக வெவ்வேறு வாரங்களில் வெவ்வேறு பத்திரிகைகளில் செய்தி. செய்தது ஆற்றின் கீழ்க்கரை மக்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதியிருந்தன. அந்தக் கீழ்க்கரை மக்கள்தான் இப்போது ஏரியைத் தாண்டி எங்கள் நாட்டுக் கரையில் ஒரு முகாமில் அகதிகளாக இருந்தார்கள். கொள்ளையடித்துக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் அகதி வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அரசுக்குப் போகும் எங்கள் அறிக்கையும் அதையே சொன்னால் முகாமை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜோசப்பின் அம்மா அந்த முகாமில் இருந்தாள்.

“எங்கள் ஆட்கள் இதைச் செய்யவில்லை” என்று ஜோசப் தினமும் சொல்வான்.

“நீ சொல்வதை நான் நம்புகிறேன். நம்பியதை எழுத முடியாது, ஜோசப்” என்பார் பேராசிரியர்.

பிறகு அவருக்குத் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவர் வழியாகத் துப்புக் கிடைத்தது. அந்தச் சமயத்தில் நாற்பதாம் மைல் பக்கம் அமைதிப் படையின் லாரி ஒன்று போயிருக்கிறது. டிரைவர் மாணிக்கம், மருத்துவ உதவியாளர் சூசை. இரண்டு பேரும் பெங்களூர்த் தமிழர்கள். படையிலிருந்து விலகி ஊரோடு இருக்கிறார்கள். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. பெங்களூரில் எனக்கு ஒரு சித்தியும் இருந்தாள். அறிக்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதாகப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். நான் கிளம்பினேன்.

இறங்கியதும் முதலில் பிடித்துக்கொண்டது குளிர். நவம்பரில் எங்கள் ஊரில் சட்டை முதுகோடு ஒட்டும். பெங்களூரிலோ கண்டக்டர் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு “முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று எல்லோரையும் பஸ்ஸுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார். என்னிடம் கம்பளி என்று பெயருக்கும் ஒன்று கிடையாது. மல்லேஸ்வரத்தில் கதவைத் திறந்த சித்தி, ‘வா’ என்று சொல்வதற்கு முன்பு தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து என்மேல் போட்டாள்.

கோமளம் சித்தி என் அம்மாவின் பெரியப்பா மகள். அவளை எனக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். சித்தப்பா மைசூர் அரசுச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி. சித்தி பால்காரரிடம் கன்னடத்தில் சண்டையைத் தொடங்கி, என் பக்கம் திரும்பித் தமிழில் அதை முடிப்பாள்.

“ஸ்வல்ப இரும்மா, காபி கொண்டு வரேன். அங்கல்லாம் காபி உண்டா?”

“காபிக்கொட்டை எங்க ஊர்லயே விளையுது சித்தி.”

“விளைஞ்சா போதுமா? போடத் தெரியணுமே” என்றாள். குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நியாயம்தான்.

அன்று மாலை அவள் என்னைச் சம்பிகே ரோட்டுப் பக்கம் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். தோசையின் உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவி, மேலே ஒரு உருண்டை வெண்ணெய் வைத்துக் கொடுத்தார்கள். வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் ஒரே விதி. பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டு, “மழை நின்றுவிட்டது, இனி குளிர் ஆரம்பம்” என்று கன்னடத்தில் கவலைப்பட்டார்கள். இதற்கு மேல் இன்னும் குளிருமா என்று நான் சித்தியின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மறுநாள் சூசையைப் பார்க்கக் கிளம்பினேன். கையில் இருந்த முகவரியில் சிவாஜி நகர் என்று இருந்தது. சித்தப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், “தண்டுப் பக்கம், பட்டாளம் இருந்த எடம்தானே? பிளாக்பள்ளியில மார்க்கெட்டுக்கிட்ட இறங்கிக் கேளு. எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

சிவப்பு பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் “சிவாஜி நகர்” என்று கத்திய இடத்தில் இறங்கினேன். எதிரே பெரிய மார்க்கெட். பூ, கறி, பேரீச்சம்பழம், கூண்டுக்குள் கோழிகள், அத்தர் வாசனை. ஒரு நிமிடம் டார் எஸ் சலாமில் கால் வைத்த மாதிரியே இருந்தது. ஆனால் சித்தப்பா சொன்னது பிளாக்பள்ளி ஆயிற்றே. ஜட்கா வண்டி ஒன்றைக் கூப்பிட்டு, “பிளாக்பள்ளி போகணும்” என்றேன். வெள்ளைத் தாடி வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏறச் சொன்னார்.

வண்டி மாதாகோயிலைத் தாண்டியது. பரேட் மைதானத்தின் ஓரமாகப் போயிற்று. குதிரை ஒரு தொட்டியைக் கண்டு நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தது. நான் சாரட்டில் போகும் ராணி மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று சந்துகளில் திரும்பி வண்டி நின்றபோது எதிரே பெரிய மார்க்கெட். பூ, கறி, பேரீச்சம்பழம், அதே கோழிக்கூண்டு.

“இங்கேதானே நான் ஏறினேன்!” என்று கத்தினேன்.

அவர் அசரவில்லை. தக்கினி உருதுவில் அவர் சொன்னதைப் பக்கத்துப் பூக்காரி தமிழில் எனக்குச் சொன்னாள்: “பிளாக்பள்ளியும் இதுதான், சிவாஜி நகரும் இதுதான். பெரிய ஆபீசருங்க ஒரு பேரு வெச்சாங்க, பின்னால வந்தவங்க வேற பேரு வெச்சாங்க. இந்த அம்மா ஊரைக் கேக்கல, சவாரி கேட்டுது. சவாரி குடுத்தேன்.”

பூக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

முகோம்பே. சாந்த் மரி. நாற்பதாம் மைல்.

முதலாவது உள்ளூர்க்காரர்கள் வாயில் வருகிற பெயர். இரண்டாவது பாதிரிமார் வைக்கிற பெயர். மூன்றாவது சாலையில் போகிறவன் மைல்கல்லைப் பார்த்துச் சொல்கிற பெயர். ஒரு நிருபர் பாதிரியாரைக் கேட்டிருப்பார், இன்னொருவர் படைக்காரனை, மற்றவர் ஓடி வந்தவர்களை. மூன்றும் ஒரே ஊராக இருந்தால்? ஏரியைப் பார்த்து வந்த படையெடுப்பு என்று ஒன்றே கிடையாது. எங்கள் சுவரில் இருந்த கோடு நாங்களே போட்டது!

அந்த நெரிசலில் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்ததோடு அவருடைய குதிரைக்கு ஒரு கட்டுப் புல்லும் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு என்மீது இருந்த சந்தேகம் உறுதிப்பட்டிருக்கும்.

ஆனால் தோன்றியதெல்லாம் சான்று ஆகிவிடாது. அதைச் சூசைதான் சொல்ல வேண்டும்.

சூசை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. காங்கோ என்ற சொல்லைக் கேட்டதும் கலவை மருந்தை அளந்துகொண்டிருந்த கை நின்றது.

“சிஸ்டர், நான் பென்ஷன் வாங்குறவன். பட்டாளத்து விஷயம் வெளிய பேசக்கூடாது. நமக்கு எதுக்கு இந்த லஃப்டா?”

“ஒரே ஒரு கேள்வி, சார். நாற்பதாம் மைல்ல மாதாகோயில் இருந்துச்சா?”

அவர் மருந்துப் புட்டியை மூடி வைத்தார். வெளியே போய் எனக்கு டீயும் சுடச்சுட சமோசாவும் வாங்கி வந்து பெஞ்சில் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்தபோது மட்டும், “மணி இருந்துச்சு. கோயில் மணி. அவ்ளோதான் சிஸ்டர், போய்ட்டு வாங்க” என்றார்.

திரும்பும்போது பஸ் வழியில் படுத்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளினவர்களில் என் அளவுக்கு உற்சாகமாகத் தள்ளியவர்கள் யாரும் இல்லை.

அடுத்த நாள் ஸ்ரீராம்புரம். மல்லேஸ்வரத்திலிருந்து நடை தூரம்தான், ஆனால் சித்தி அந்தப் பக்கம் போனதே இல்லை. மில் சங்கு ஊதியதும் சந்துகளிலிருந்து ஆட்கள் டிபன் தூக்கோடு வெளியே வந்தார்கள். வீடுகள் தோளோடு தோள் உரசி நின்றன. வாசல்தோறும் தண்ணீர்க் குடங்கள். “காங்கோ மாணிக்கம் வீடு எது?” என்று கேட்டேன். அந்தப் பெயர் சந்துக்கே தெரிந்திருந்தது.

மாணிக்கம் இப்போது நூல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டினார். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், “தனம், ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்குதும்மா! களி கிண்டு!” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அவர் மனைவி தனம்மா ராகிக் களியை உருண்டையாகத் தட்டில் வைத்து, கீரைச் சாறு ஊற்றினார். நான் ஒரு துண்டைக் கிள்ளி, கட்டை விரலால் குழி செய்து, சாற்றில் முக்கி வாயில் போட்டு மென்றேன். எங்கள் ஊர் மக்காச்சோளக் களியான உகாலியை அப்படித்தான் சாப்பிடுவோம். வீடே பார்த்தது.

“மெல்லக்கூடாதும்மா. முழுங்கணும்” என்றார் தனம்மா.

“அவங்க ஊர்ல இதே மாதிரி வெள்ளையா இருக்கும். மெல்லுவாங்க. நான் பார்த்திருக்கறேன்” என்று மாணிக்கம் எனக்குப் பரிந்து பேசினார். பிறகு நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

“நம்ம லாரி முன்னால, ஒரு ஜீப்பு பின்னால. கல்லு மேல நாப்பதுன்னு போட்டிருந்துது. நான் வண்டியைக் கல்லாண்டதான் நிறுத்தினேன். சூசையண்ணன்தான் மருந்துப் பெட்டியைத் தூக்கினு மேட்டுமேல போனாரு. மேட்டுல இருந்து ஆளுங்களைக் கூட்டியாந்து கூட்டியாந்து விடுவாரு, நான் ஏத்துவேன். எனக்கு ஒரே தண்ணி தவுப்பு. தண்ணி தண்ணின்னு சைகை காட்டினேன். ஒரு பொம்பளை ஆத்தைக் கையைக் காட்டி ‘முகோம்பே, முகோம்பே’ன்னுச்சு. சரி, அந்த பாஷையில தண்ணிக்கு முகோம்பேன்னு நெனச்சுக்கினேன். அப்பால ஊர் திரும்பற வரைக்கும் கண்டவன்கிட்டல்லாம் ‘ஒரு கிளாஸ் முகோம்பே குடு’ன்னு கேட்டுக்கினு இருந்தேன். ஒருத்தனும் குடுக்கல!”

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

“அது ஆத்தோட பேரு! ஊரோட பேரும் அதுதான்! மேட்டுமேல மாதாகோயில் இருந்துச்சா?”

“மணிச் சத்தம் கேட்டுது. நான் மேல போகலயே.”

மைல்கல், மேட்டிலே மணி, அடியிலே ஆறு. ஓர் ஊர், மூன்று பெயர். நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தனம்மா பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். “முகோம்பே” என்று சொல்லிக்கொண்டே மாணிக்கம் சிரித்தார்.

“யார் கொளுத்தினாங்கன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கொளுத்தினவனுங்க லாரியில வந்துட்டுப் போயிட்டானுங்க. புது டயரு, தடம் அப்படியே மண்ணுல கெடந்துது. நாங்க ஏத்தி ஏரிப் படகுத்துறைக்குக் கொண்டுபோனது யாரைன்னா, வீடு எரிஞ்சவங்களை. அவங்க பேச்சும் படகுத்துறையில இருந்தவங்க பேச்சும் ஒண்ணு. ஆத்துக்குக் கீழ்க்கரை ஆளுங்கன்னு துறையில பேச்சை மாத்திச் சொல்ற துபாஷி சொன்னாரு. அவங்க கையில ஒரு கத்தி கூடக் கெடையாதும்மா. சட்டி, பாய், கோழி. ஒரு பொம்பளை மட்டும் தலையில தையல் மிஷினு.”

வீடு எரிந்தவர்களே எரித்தவர்களாகப் பத்திரிகையில் வந்திருக்கிறார்கள். ஜோசப் சொன்னது சரி. நான் மேலும் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“லாரி ரொம்பிப்போச்சு. மிஷினை எறக்குன்னு நான் கையைக் காட்டினேன். அது எறக்கிச்சு. எறக்கறப்ப என் கை பட்டு மிஷினோட கைப்பிடி முறிஞ்சுது. என்னைத் திட்டுச்சு பாருங்க, எங்க ஆத்தா கூட அப்படித் திட்டினதில்ல. ஆனா எடம் பத்தல. தன்னோட மூணு கொழந்தைங்களைத் தூக்கி என் கையில குடுத்துட்டு, அது மிஷினோட கல்லாண்டயே நின்னுடுச்சு. இன்னொரு ட்ரிப்பு வரேன்னு சைகையில சொன்னேன். மறுநாள் பார்த்தா பாலத்தை உடைச்சிருக்கறானுங்க. போக முடியல. சூசையண்ணனும் நானும் அதைப் பத்திப் பேசறதே இல்ல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா அது ஞாபகம் வரும். அதனால பார்க்கறதும் இல்ல.”

தனம்மாவுக்கே இது தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஜோசப்போடு நான் ஒருமுறை அவன் அம்மா இருந்த முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் ஒரு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கையால் சுற்றும் கறுப்பு மிஷின். கைப்பிடி இருந்த இடத்தில் காய்ந்த சோளக்கதிரின் சக்கையைச் செருகியிருந்தாள். இது என்ன வேடிக்கை என்று நான் கேட்டதற்கு, “ஒரு குண்டு இந்தியன் உடைத்தது” என்று சுவாஹிலியில் சொன்னாள். நான் இந்தியப் பெண் என்பதால் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணே, அவங்க இருக்காங்க! உயிரோட இருக்காங்க! நான் பார்த்தேன்!” என்று கத்தினேன்.

சொல்லி முடித்தபோது மாணிக்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கியது. தனம்மா அவர் முதுகில் கை வைத்தார். பிறகு அவர் துண்டை உதறி எழுந்து, “ஏறும்மா லாரியில. சூசையண்ணன்கிட்ட சொல்லணும்” என்றார்.

நூல் மூட்டைகளோடு நின்ற லாரியில் முன்சீட்டில் நானும் தனம்மாவும் ஏறினோம். தனம்மா தன் புருஷன் லாரியில் ஏறியது அதுதான் முதல் தடவையாம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்ததும் இஞ்சின் செத்தது. மாணிக்கம் இறங்கி இஞ்சினில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். பின்னால் மாட்டு வண்டி, சைக்கிள், ஜட்கா என்று வரிசை நீண்டது. ஒருவர் கன்னடத்தில் திட்டினார். மாணிக்கம் கன்னடத்திலேயே, “ஒரு நல்ல சேதி கொண்டு போறேன் சாமி, கொஞ்சம் பொறுங்க” என்றார். திட்டியவரே இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி கிளம்பியது.

சூசை எங்கள் மூவரையும் ஒன்றாகப் பார்த்ததும் பின்வாங்கினார். மாணிக்கம் வாசலிலிருந்தே, “அண்ணே, மிஷின்காரி தப்பிச்சுட்டா” என்றார்.

சூசை கையிலிருந்த புட்டியை மேஜைமேல் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி, அறிக்கைக்கு இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஒரு கெழவர் இருந்தார் சிஸ்டர். கால்ல குண்டடி. கட்டுப் போட்டேன். உக்கார முடியாது அவரால, படுக்க வெக்கணும். படுக்க வெச்சா நாலு பேர் எடம் போயிடும். அடுத்த ட்ரிப்புல உங்களைத்தான் முதல்ல ஏத்துவேன்னு சொன்னேன். அவர் வந்தாரா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

“கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் பேச்சைப் பேசலாம்.”

அன்றே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். ஜோசப்புக்கு ஒன்று, பேராசிரியருக்கு ஒன்று. ஜோசப் முகாமுக்கு ஆள் அனுப்பி விசாரித்துப் பதில் அடிக்க வேண்டும். காத்திருந்த நாட்களில் சித்தி என்னை லால்பாக்குக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி மாளிகையையும் பிரம்மாண்டமான மரங்களையும் காட்டிக்கொண்டே நடந்தாள். நான் மரங்களைப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். தினமும் தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். சித்தப்பா ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “என்ன விஷயம்னு முழுசாச் சொல்லு” என்றார். சொன்னேன். அவர் பரண்மேலிருந்து தன் பழைய தட்டச்சு மிஷினை இறக்கி, தூசி தட்டி, ரிப்பன் மாற்றி வைத்தார்.

தந்தி ஒரு மதியம் வந்தது. தையல்காரி அவள்தான், காட்டு வழியே நடந்து, படகில் வந்தவர்களோடு சேர்ந்தாள், மூன்று பிள்ளைகளும் அவளோடு இருக்கிறார்கள். கிழவரை நான்கு பேர் பாயில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஏரிக்கரையில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு நானே சிவாஜி நகருக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பறக்கிற மாதிரியும் ஒரு பக்கம் கல்லைக் கட்டின மாதிரியும் இருந்தது. சூசை தந்தியைப் படித்தார், மறுபடி படித்தார்.

“தூக்கிட்டு வந்தாங்களா? நாலு பேர்?”

“ஆமா சார்.”

“விட்டுட்டு வரல.” சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டார். “எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க. பென்ஷன் போனா போவுது. ஆனா அந்தக் கெழவரையும் அதுல எழுதணும்.”

மல்லேஸ்வரம் வீட்டுக்கு மாணிக்கமும் சூசையும் வந்தார்கள். மாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே உட்காரப் போனார். சித்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா, “டைப் மிஷின் உள்ள இருக்கு. நீங்க சொல்லச் சொல்லத்தானே நான் அடிக்கணும்? உள்ள வாங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சித்தி திரும்பி உள்ளே போனாள். அவள் வர நேரமானது. வந்தபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளி டவரா டம்ளரில் காபி கொண்டு வந்தாள்.

மாணிக்கம் தமிழில் சொல்ல, சூசை திருத்த, சித்தப்பா ஆங்கிலத்தில் தட்டினார். செயலகத்து ஆங்கிலம். கோழி, பாய், சட்டி எல்லாம் அதில் கம்பீரமாக ஏறின. “திட்டினதையும் போடணுமா?” என்று சித்தப்பா கேட்டார். “போடுங்க சார், அது முக்கியம்” என்றார் மாணிக்கம். தெருக்கோடியிலிருந்த நோட்டரி வக்கீல் வந்து முத்திரை வைத்தார். வாசலில் விடைபெறும்போது சூசையும் மாணிக்கமும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகரில் பிரியாணி என்று பேச்சு.

நான் ஊர் திரும்பியதும் பேராசிரியர் அதை நின்றபடியே படித்தார். முகோம்பே என்றால் தண்ணீர் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கிழவர் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். வரைபடத்திலிருந்து இரண்டு கறுப்பு ஊசிகளைப் பிடுங்கி ஜோசப் கையில் கொடுத்தார். பிறகு நாங்கள் மற்ற ஊசிகளை ஒவ்வொன்றாகச் சந்தேகிக்க ஆரம்பித்தோம். கண்டம் முழுக்க ஓர் ஊருக்கு எத்தனை பெயர் என்று கேட்டுக்கொண்டே அந்த வருடம் போயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வருடமும் வேலை செய்ததில்லை.

அறிக்கை திருத்தப்பட்டுப் போனது. முகாமைப் பற்றி அதிகாரிகள் பல நாள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் ஜோசப் தன் அம்மாவிடமிருந்து சேதி வந்ததென்று ஓடி வந்தான். அதிகாரிகள் வந்து போனார்களாம். முகாமுக்குப் பின்னாலிருந்த சரிவை அளந்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் என்று முளை அடித்துக் கொடுத்தார்களாம். மழை தொடங்கிவிட்டதால் அவன் அம்மாவுக்குப் பேச நேரமில்லையாம். சோளம் விதைத்துக்கொண்டிருக்கிறாளாம்.